துப்பறிய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய ஸ்டேஷன் ரைட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், டிடெக்டிவ் ஆக இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தான். பதில் எழுதியவர் கூர்மையான புத்தி, தைரியம், பொது அறிவு என்று நல்ல வார்த்தைகளாகச் சொல்லிவிட்டு, டிகிரி முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அவன் டிகிரி முடிக்க இன்னும் ஏழு வருஷம் ஆகும். அதுவரை தைரியமாக உட்கார்ந்திருப்பதா?

நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பாதிக் காலம் சேலத்தில் ஸ்டேஷன் ரைட்டர். சினிமாவில் ரைட்டரைப் பார்த்திருப்பீர்கள், மூலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு டீ குடிப்பார். நிஜத்தில் புகாரை வாங்குவதிலிருந்து குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போவது வரை முக்கால்வாசி தாள் அவர் கையால் எழுதப்பட்டதுதான். அதனால் அந்தப் பையனுக்கு என் பதில் இது: முதலில் எழுதப் பழகு. கண்ணால் பார்த்ததை, பார்த்த மாதிரியே, தமிழில், பிழையில்லாமல் எழுது.

நான் சொல்வது சலிப்பாக இருக்கும். எனக்கே இது அவமானப்பட்டுத்தான் புரிந்தது. 1998 மார்கழி. செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் ஓடு பிரித்து இறங்கி மூன்று கிலோ சொச்சம் வெள்ளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிரைம் டீம் ராத்திரி பகலாக அலைந்து ஆளைப் பிடித்தது. நல்ல வேலை, இன்றும் சொல்வேன். சம்பவ இடத்துப் பார்வை மகஜரை, அதாவது அங்கே கண்டதைக் குறிக்கும் தாளை, இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதியது நான். நேரம் மாலை 6.45 என்று சரியாகத்தான் போட்டேன். ஆனால் முந்தைய வாரத்து மகஜரை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிய பழக்கத்தில், "இயற்கை வெளிச்சத்தில் பார்வையிட்டு" என்ற வரியையும் அப்படியே இறக்கிவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டுக்குப் பஞ்சாங்கத்தோடு வந்தார். சட்டப் புத்தகம் எதையும் அவர் தொடவில்லை. மார்கழியில் சேலத்தில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஐயா, 6.45-க்கு எந்த இயற்கை வெளிச்சத்தில் ஓட்டையும் கால் தடத்தையும் பார்த்தீர்கள் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு வரியால் மட்டும் கேஸ் போனது என்று சொல்ல மாட்டேன், வேறு ஓட்டைகளும் இருந்தன. ஆனால் அன்றைக்கு இடத்துக்கே போகாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் விழுந்துவிட்டது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் போனது. "மின்விளக்கு வெளிச்சத்தில்" என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

சரி, பிள்ளைகள் என்ன செய்யலாம்? எங்கள் கன்னங்குறிச்சியில் பக்கத்து வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். "தாத்தா, நான் கிரைம் பிராஞ்சுக்குப் போகணும், என்ன படிக்கட்டுங்க?" என்று ஒருநாள் வந்து நின்றாள். நான் புத்தகம் எதுவும் கொடுக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "கண்ணு, ஐந்து ரோடு சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பத்து நிமிஷம் சும்மா பார். அங்கே எழுதாதே. வீட்டுக்கு வந்து எழுது" என்றேன்.

முதல் நாள் எழுதி வந்ததில் "ஒரு குடிகாரர் தள்ளாடிக்கொண்டே போனார்" என்று இருந்தது. குடித்தார் என்று உனக்கு எப்படித் தெரியும்? வாசனை வந்ததா? இல்லை. அப்படியென்றால் நீ பார்த்தது தள்ளாட்டம் மட்டும்தான். சர்க்கரை இறங்கிய ஆளும் தள்ளாடுவார், காலில் முள் குத்தியவரும் தள்ளாடுவார். பார்த்ததை ஒரு பக்கம், நினைத்ததை எதிர்ப்பக்கம் எழுதச் சொன்னேன். இரண்டு மாதத்தில் எதிர்ப்பக்கம் சுருங்கிவிட்டது. போலீஸில் இருபது வருஷம் இருந்தும் இந்தக் கோட்டைப் போடத் தெரியாதவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து வரைபடம். சம்பவ இடத்து மாதிரி வரைபடம் இல்லாத கேஸ் கட்டு கிடையாது. அவள் வீட்டையே அளந்து, வாசல், ஜன்னல், ஸ்விட்ச் போர்டு எல்லாம் குறித்து, வடக்கு எது என்று அம்புக்குறி போட்டு வரையச் சொன்னேன். பதினாறு வருஷம் குடியிருந்த வீட்டில் வடக்கைத் தெற்காக வரைந்து கொண்டுவந்தாள். ஜன்னலைத் திறந்து, சேர்வராயன் மலை எந்தப் பக்கம் தெரிகிறது பார் என்றேன். சேலத்துப் பிள்ளைக்கு மலை இருக்கும்போது திசைகாட்டி எதற்கு?

விரல் ரேகையும் வீட்டிலேயே பழகலாம். ஸ்டாம்ப் பேட், வெள்ளைத் தாள், வீட்டில் இருக்கிறவர்களின் பத்து விரல்கள். வளையம், சுழல், வில் என்று பெரிய வகை மூன்றுதான். பெரும்பாலும் வளையம் வரும், வில் அபூர்வம். தெருவில் ஒரே அச்சாக இருக்கும் இரட்டைப் பையன்களின் ரேகையை எடுத்துவந்து, இரண்டும் வேறாக இருக்கிறதே தாத்தா என்று குதித்தாள். ஆமாம், இரட்டையருக்கும் ரேகை வேறுதான். இன்னொன்றும் சொன்னேன். இந்த ரேகைகளை வகைப்படுத்தி 1,024 அறைகளில் பிரித்து வைக்கும் முறை உலகத்துக்கே போனது நம் நாட்டிலிருந்துதான். 1897-ல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் வந்தபோது அதற்கான கணக்கைப் போட்டவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்கள். பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போய்விட்டது. ரைட்டராக இருந்தவனுக்கு அந்த வலி தெரியும்.

அடி உதைதான் துப்பு என்று சினிமா பார்த்து நம்பும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. போலீஸிடம் ஒருவன் "நான்தான் செய்தேன்" என்று நூறு தடவை சொன்னாலும் கோர்ட்டில் அது சாட்சியம் ஆகாது. 1872 சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அப்படித்தான். அவன் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் நிற்கும். அதே நாளில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் நேரில் வருவதும் படிப்படியாகக் கட்டாயமாகிறது. லத்தி பிடிக்கும் கையைவிட, தடயத்தைக் கெடுக்காமல் கவரில் போட்டு ஒட்டும் கைக்குத்தான் இனி வேலை.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பாதி துப்பு கடை வாசல் கேமராவில்தான் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பதிவை எடுப்பதற்கு முன்னால் உங்கள் போனில் மணி பார்த்து, கேமராவில் மணி பார்த்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அப்பாவி ஒருவன் அந்த நேரத்தில் அங்கே இருந்ததாகக் கணக்கு வந்துவிடும். அந்தப் பெண் அஸ்தம்பட்டியில் கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஐந்து கடையில் மூன்று கடையின் மணி தப்பு. ஒரு டீக்கடையில் பதினேழு நிமிஷம் பின்னால். கேட்டுப் பார்த்தாள் என்பதைக் கவனிக்கவும்.

ஏனென்றால் இந்த ஆசையில் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. எங்கள் உறவில் ஒரு பையன், பதினெட்டு வயது, ஆன்லைனில் ஏதோ டிடெக்டிவ் கோர்ஸ் என்று பதினைந்தாயிரம் கட்டினான். ஆறு வீடியோ, ஒரு சான்றிதழ், கழுகு படம் போட்ட அட்டை. அதை எடுத்துக்கொண்டு ஏற்காடு போய், ஒரு லாட்ஜில் அட்டையைக் காட்டி ரிஜிஸ்டரைக் கொடு என்று கேட்டிருக்கிறான். மேனேஜர் விவரமான ஆள், ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டார். நல்லவேளை, போலீஸ் என்று வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது தனிக் கேஸ். இருபது கொண்டை ஊசி வளைவையும் நான் பஸ்ஸில் ஏறிப் போய் அவனைக் கூட்டிவந்தேன். இறங்கும்போது இரண்டு பேரும் பேசவில்லை.

தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்கென்று நம் நாட்டில் இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது. 2007-ல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அந்தத் தொழிலில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் கல்யாண விசாரணை, கம்பெனிகளுக்கு ஆள் பின்னணி பார்ப்பது என்று இருக்கும். ஆனால் சாதாரண ஆளுக்கு இல்லாத அதிகாரம் எதுவும் அவர்களுக்கும் இல்லை. அடுத்தவர் போன் விவரத்தைக் குறுக்கு வழியில் வாங்கினாலும், தெரியாமல் செயலி போட்டு உளவு பார்த்தாலும் குற்றம்தான். ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் பின்தொடர்ந்தால் அதற்கும் தனிப் பிரிவு இருக்கிறது. பயிற்சிக்குச் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

வேலை வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை அறிவிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நம் மாநிலக் காவல் துறையில் டிடெக்டிவ் என்று ஒரு பதவியே கிடையாது. பத்தாவது முடித்து, 18 வயது ஆனால் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாக இரண்டாம் நிலைக் காவலர். டிகிரி இருந்தால் எஸ்.ஐ. தேர்வு, அப்புறம் அனுபவத்தில் கிரைம், சி.பி.சி.ஐ.டி. (மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவு) என்று போகலாம். அறிவியல் பட்டம் படித்தவர்களை விரல் ரேகைப் பிரிவுக்கே எஸ்.ஐ.யாக எடுத்திருக்கிறார்கள். ஓடப் பிடிக்காது, ஆனால் துப்பு பிடிக்கும் என்பவர்கள் வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்துத் தடய அறிவியல் துறைக்குப் போகலாம். சென்னைப் பல்கலையிலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையிலும் குற்றவியல் படிப்பே இருக்கிறது. காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே காலையில் எழுந்து ஓடினால் நல்லது. தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் உண்டு, அதில் தேறாவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். அந்தப் பையனுக்கு உங்கள் பதிலில் இந்தத் தகவலையாவது சேர்த்திருக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் நாற்பது பக்க நோட்டு தீர்ந்து, இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. அந்தப் பையன் விலாசம் கொடுத்தால் அவனுக்கும் ஒன்று வாங்கி அனுப்பத் தயார்.

பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
கன்னங்குறிச்சி, சேலம்.
(இரவு 7.10 மணிக்கு, என் வீட்டு வடக்கு அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் எழுதப்பட்டது.)