பழங்காட்டுக்குள் எல்லோரும் நடக்க ஒரு பாதை: நன்கொடை வேண்டுகோள்

காட்டை நேசிக்கும் எல்லோருக்கும் பாதைக் குழுவின் வணக்கம்.

பல நூறு ஆண்டுகளாகக் கோடரி படாத மரங்கள் நிற்கும் பாதுகாக்கப்பட்ட காடு ஒன்றில், சிரமமில்லாமல் நடக்கும்படி ஒரு சுற்றுப்பாதை அமைக்க உங்களிடம் நிதி கேட்டு எழுதுகிறோம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். வழியில் ஒரு படிகூட இருக்காது. முட்டிவலியால் ஏற்றம் ஏற முடியாதவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்து வருபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் என எல்லோரும் முழுச் சுற்றையும் போய்த் திரும்ப வேண்டும் என்பது எங்கள் ஆசை.

"காட்டுக்குள் எதற்குப் பாதை? அப்படியே விட்டுவிடலாமே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆள் நடமாட்டமே இல்லாத காடாக இருந்தால் நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் ஆட்கள் ஏற்கெனவே வருகிறார்கள். ஒழுங்கான பாதை இல்லாததால் ஆளுக்கொரு பக்கம் நடக்கிறார்கள். சேறு இருந்தால் அதைச் சுற்றிப் போகிறார்கள். மழைக்குப் பிறகு அந்தச் சுற்றுவழியும் சேறாகிறது, அப்புறம் வருபவர் இன்னும் தள்ளி நடக்கிறார். இப்படியே ஒற்றையடித் தடம் அகன்றுகொண்டே போகிறது.

இதில் அடிபடுவது மரங்களின் வேர். பெரிய மரம் என்றால் வேர் ஆழத்துக்கு ஓடும் என்று நினைக்கிறோம். உண்மையில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான், ஏறக்குறைய முதல் 2 அடிக்குள், படர்ந்து கிடக்கிறது. பக்கவாட்டிலோ கிளைகளின் நிழலைத் தாண்டியும் போகிறது. மண்ணை மிதித்து இறுக்கினால் அதிலுள்ள நுண்துளைகள் அடைபடும். காற்றும் தண்ணீரும் இறங்காது. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை இழைகளும் நலிந்துபோகும். முதலில் மிதிக்கிற கொஞ்சம் பேராலேயே சேதத்தின் பெரும்பங்கு நேர்ந்துவிடுகிறது என்பதுதான் கவலைக்குரிய விஷயம். அதனால் எல்லோரும் ஒரே வழியில், அதுவும் தரையைத் தொடாமல் நடப்பதுதான் காட்டுக்கு நல்லது.

மற்ற நாடுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் யாகுஷிமா தீவில், ஜோமோன் சுகி என்ற பழமையான ஊசியிலை மரத்தின் வேரைப் பார்வையாளர்கள் மிதித்துவிடாமல் இருக்கத் தனி மேடை கட்டினார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மாரிப்போசா தோப்பை 2015-இல் மூடி, ராட்சத செக்கோயா மரங்களுக்கு நடுவே இருந்த வண்டி நிறுத்துமிடத்தையும் தார்ப்பரப்பையும் அகற்றி, ஈரமான இடங்களில் பலகைப் பாதை போட்டு, 2018-இல் திறந்தார்கள். அந்தச் செலவில் பாதியளவு நன்கொடையாகவே வந்தது. எங்களுக்குத் தைரியம் கொடுத்த செய்தி அது.

சரி, எப்படிக் கட்டப்போகிறோம்? தரையிலிருந்து உயர்த்திய பலகைப் பாதை. கான்கிரீட் குழி கிடையாது. மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் இரும்புக் கால்கள்தான். ஒவ்வொரு காலுக்கும் முன்பு கையால் தோண்டிப் பார்ப்போம். தடித்த வேர் தென்பட்டால் காலைத் தள்ளி வைப்போம். சரிவு 20 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறாது. நாற்காலியைத் திருப்புவதற்கு ஏற்றபடி அகலம் 1.5 மீட்டர், எதிரெதிரே வருபவர்கள் விலக இடையிடையே அகன்ற இடங்கள். பலகைகளைக் குறுக்காகப் பதித்து இடைவெளியைச் சக்கரம் சிக்காத அளவுக்குச் சிறிதாக விடுவோம். ஓரத்தில் தாழ்வான விளிம்புக்கட்டை இருக்கும். மழையில் பலகை வழுக்கும் என்பதால் சொரசொரப்பான பட்டைகளும் வேண்டும். விழுந்து கிடக்கும் அடிமரங்களை அறுக்க மாட்டோம். வண்டுகளும் பூஞ்சைகளும் புது நாற்றுகளும் வாழ்வது அவற்றில்தான், ஆகவே பாதைதான் வளைந்து போகும். விளக்கும் ஒலிபெருக்கியும் வைப்பதில்லை என்று குழு ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது.

நுழைவாயிலில் காலணியைத் தேய்த்துக் கழுவ ஒரு மேடையும் உண்டு. இது வீண் செலவு என்று தோன்றலாம். நியூசிலாந்தின் கவுரி மரங்களைக் கொல்லும் வேர்நோய், செருப்பில் ஒட்டிய துளி மண்ணிலும் பரவக்கூடியது. அங்கே காலணியைச் சுத்தம் செய்த பிறகே காட்டுக்குள் போகச் சொல்கிறார்கள். பழங்காட்டில் நோய் புகுந்தபின் வருந்திப் பயனில்லை.

உங்களால் முடிந்தது எதுவானாலும் தாருங்கள். ஒரு பலகைக்கான தொகையும் எங்களுக்குப் பெரிதுதான். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு இருக்கையையோ ஒரு மீட்டர் பாதையையோ ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கொடுத்தவர் பெயரை மரத்திலோ பலகையிலோ பொறிக்க மாட்டோம். நுழைவாயிலில் உள்ள ஏட்டில் எழுதிவைப்போம். வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்காகத் தனிக் கணக்கில் ஒதுக்குகிறோம், ஏனென்றால் உடைந்த பலகையை மாற்றாத பாதை, பாதை இல்லாததைவிட ஆபத்தானது.

பணம் தர இயலாதவர்கள் உழைப்பைத் தரலாம். தச்சு வேலை தெரிந்தவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், சாமான் சுமக்க வலுவுள்ளவர்கள் எல்லோரும் வேண்டும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களிடமும், பார்வை இல்லாதவர்களிடமும் ஒரு தனி வேண்டுகோள்: முதல் சில மீட்டர் முடிந்ததும் நீங்கள் வந்து போய்ப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதைத் திருத்தியபிறகே மீதியைத் தொடருவோம்.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதந்தோறும் நுழைவாயில் பலகையில் ஒட்டப்படும். உரிய அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு கால்கூட மண்ணில் இறங்காது. எக்காரணத்தாலாவது பணி நின்றுபோனால், செலவாகாத தொகையைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
பாதைக் குழுவினர்