கணக்கை விடுவதற்கு முன்: கல்லூரி முன்தேவைப் பாடங்கள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் இந்த வாரம் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கும். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

"எவ்வளவு மார்க் எடுத்தால் சீட் கிடைக்கும், சார்?" இந்தக் காலத்தில் என் அறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். எந்தெந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம். மார்க் எவ்வளவு இருந்தாலும், கேட்ட பாடத்தைப் படிக்காதவரின் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும்.

ஒரு படிப்பிலோ பாடத்திலோ சேர முன்பே படித்து முடித்திருக்க வேண்டிய பாடத்தைத்தான் முன்தேவை என்கிறார்கள். இது இரண்டு இடங்களில் குறுக்கே வரும். முதலாவது வாசலில். கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க, ஏ லெவலில் (நம் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரியான பிரிட்டிஷ் பள்ளிப் படிப்பு) கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்றால் யாரும் வியப்பதில்லை. ஆனால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரப் பட்டப்படிப்புக்கும் ஏ லெவல் கணிதம் கட்டாயம். "எகனாமிக்ஸ்தானே, கணக்கு எதற்கு?" என்று பதினைந்து வயதில் கணக்கைக் கைகழுவிய பிள்ளைக்கு இது பதினெட்டு வயதில்தான் தெரியவரும். உளவியலிலும் இதே கதைதான். மனிதர்களைப் பற்றிய படிப்பு என்று ஆசையாகச் சேர்பவர்களை முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ புள்ளியியல் வந்து நிறுத்தும்.

இரண்டாவது இடம் கல்லூரிக்கு உள்ளே. இதைப் பற்றித்தான் நமக்குத் தெரிவதே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மின்சாரமும் காந்தமும் கற்பிக்கும் இயற்பியல் இரண்டாம் பாடத்தில் சேர, இயற்பியல் முதல் பாடத்தையும் நுண்கணிதம் (கால்குலஸ்) முதல் பாடத்தையும் முடித்திருக்க வேண்டும். இது வீம்புக்கு வைத்த விதி இல்லை. அங்கே மின்புலத்தைக் கணக்கிடும் சமன்பாடுகள் நுண்கணிதத்தின் ஒரு பகுதியான தொகையீட்டில்தான் (இன்டக்ரேஷன்) எழுதப்பட்டிருக்கும். தொகையீடு தெரியாமல் அந்த வகுப்பில் உட்காருவது, எழுத்துக் கூட்டத் தெரியாதவர் கையில் கவிதைப் புத்தகத்தைக் கொடுப்பது மாதிரி.

நம் பள்ளியில் நன்றாகப் படித்த ஒரு மாணவி, பொறியியலில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு என்னைப் பார்க்க வந்தாள். முதல் நுண்கணிதத் தாளில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்திருந்தாள். பாஸ்தானே, போதும் என்று நாமும் நினைப்போம். ஆனால் அடுத்த பாடத்துக்குப் பதிவு செய்யப் போனபோது கணினி மறுத்துவிட்டது. அந்தப் பாடத்துக்கு வெறும் பாஸ் போதாது, குறைந்தது 'சி' கிரேடு வேண்டுமாம். சரி, முதல் தாளைத் திரும்ப எழுதிவிடலாம் என்றால், அடுத்த பாடம் ஆண்டுக்கு ஒரு செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். அதன் பின்னால் வகையீட்டுச் சமன்பாடு என்ற கணிதப் பாடம், அதன் பின்னால் அவள் துறையின் இரண்டு முக்கியப் பாடங்கள். ஒரு கிரேடு குறைந்ததில் வரிசை முழுக்கச் சரிந்து நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தானது. எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்று கல்லூரி வெளியிடும் பாடக் கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பென்சிலால் அம்புக்குறி போட்டு என் மேசையில் விரித்துக் காட்டினாள். "இதை முதல் நாளே வரைந்திருக்கணும் சார்" என்றாள்.

அதனால் கையேட்டைப் பின்னாலிருந்து படியுங்கள். கடைசி ஆண்டில் பிள்ளைக்கு எந்தப் பாடம் வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு, அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று இறங்கி வாருங்கள். பெரும்பாலும் நம் பதினோராம் வகுப்பு அறையில் வந்துதான் நிற்பீர்கள். படிக்கும்போது 'மற்றும்', 'அல்லது' என்ற இரண்டு சொற்களின் மேல் விரலை வையுங்கள். 'மற்றும்' என்று இருப்பதை 'அல்லது' என்று படித்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். (படித்த பெற்றோர்தான். அவசரம்!) 'உடன்தேவை' என்று இருந்தால், அதையும் அதே செமஸ்டரில் சேர்த்தே எடுக்கலாம். எம்.ஐ.டி.யில் வகையீட்டுச் சமன்பாட்டுக்கு நுண்கணிதம் இரண்டாம் பாடம் அப்படித்தான். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருந்தால் விதிப்படி விட்டுவிடலாம். அறிவியல் பாடங்களில் விடாதீர்கள் என்பது என் கருத்து.

மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அங்கே வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. பட்டத்தின் பெயரை விட, படித்த பாடங்களின் பட்டியல்தான் அங்கே கணக்கு.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறேன். கால அட்டவணை இடிக்கிறது என்பதற்காக, வேதியியலை விட்டு வேறு பாடம் எடுக்கும்படி சில பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லியிருக்கிறோம். இந்த ஆண்டு அப்படி யாராவது சொன்னால், ஆசிரியரே சொல்லிவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமல் நேராக என்னிடம் வாருங்கள்.

படிவத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். கணிதத்தையோ ஓர் அறிவியல் பாடத்தையோ விட நினைப்பவர்கள், அதற்கு முன் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு மேல் என்னைப் பார்க்கலாம். பிள்ளை விரும்பும் படிப்பின் கையேட்டுப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிவாருங்கள். போன ஆண்டு ஓர் அப்பா தனியாக வந்து ஒரு மணி நேரம் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். பையன் சேர விரும்பியது வேறு படிப்பாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்