பூங்கா பெஞ்சில் 14 குழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் தொட்டு விளையாடும் பொம்மைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் அதில் சொல்லியிருந்த சாமான் எல்லாம் ஆயிரம், ரெண்டாயிரம் என்று இருக்கிறது. வடசென்னையில், எங்கள் கொருக்குப்பேட்டையில் அதை யார் வாங்குவார்கள்?

என் மாமியாருக்கு 68 வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் ஐம்பது தடவை அழுத்தச் சொன்னார். மூன்றாம் நாளே பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது, "நான் என்ன குழந்தையா" என்று அத்தைக்குக் கோபம். சரி என்று பரண்மேல் கிடந்த அவருடைய அம்மா வீட்டுப் பல்லாங்குழியை இறக்கி, குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை போட்டு முன்னால் வைத்தேன். இடது கை மடியை விட்டு எழக்கூடாது என்பது மட்டும் பிசியோதெரபிஸ்ட் போட்ட கண்டிஷன். முதல் வாரம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவே சேராது, கொட்டை நழுவி ஓடும், எடுத்துக் கொடுக்கப் போனால் "நீ கை வைக்காதே" என்று அதட்டல். காலிக் குழியைத் துடைத்துவிட்டு அடுத்த குழியை அள்ளுவோமே, அந்தத் துடைப்பை முதலில் மொத்தக் கையையும் இழுத்துத்தான் செய்தார், நாலைந்து மாதம் கழித்து ஒற்றை விரலால் துடைத்தார். குழியில் நாலு சேர்ந்ததும் "பசு" என்று உரிமை கொண்டாடுவதில் மட்டும் முதல் நாளிலிருந்தே தாமதம் கிடையாது. வெறும் பல்லாங்குழியால் கை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பந்தைத் தூக்கிப் போட்டவர் இதை ஒரு மணி நேரம் விடாமல் ஆடினார், அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு ஜோடி, கீழ் போர்ஷனில் ஏழாவது படிக்கும் பையன். பிறவியிலேயே பார்வை இல்லை. அவனிடம் பார்வையற்றவர்கள் ஆடும் செஸ் போர்டு இருக்கிறது. கறுப்புக் கட்டம் மட்டும் மேடாக இருக்கும், கறுப்புக் காயின் தலையில் சின்னதாக ஒரு முனை, தடவினாலே எது யாருடைய காய் என்று தெரியும். பல்லாங்குழியில் அப்படி எதையும் மாற்ற வேண்டியதே இல்லை. குழிக்குள் விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆயா, நீ இதை எடுத்தா மாட்டிப்ப" என்று எச்சரிக்கை வேறு! ஒன்றாவது படிக்கிற அவன் தங்கைக்குக் கூட்டல் கணக்கு வந்ததும் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த பிளாஸ்டிக் பல்லாங்குழிகளில் குழிக்கு ஆழமே இல்லை, மணியும் வழவழவென்று இருக்கிறது, விரலுக்கு அதில் வேலை இல்லை. சோழியோ புளியங்கொட்டையோதான் சரி. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் போடாதீர்கள், அது விஷம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆடி முடித்ததும் கொட்டையை எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள்.

விரல் வித்தை வடசென்னைக்குப் புதிதா என்ன? தெருமுனைக்குத் தெருமுனை கேரம் போர்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் பக்கத்துப் பெண்தான். இன்னொரு பக்கம், மெஷினில் கையைக் கொடுத்தவர்களும் இங்கே நிறைய, எங்கள் தெருவிலேயே மூன்று பேர். 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தொடங்கிய அறுவை சிகிச்சைத் துறை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்தபிறகுதான் மாதக்கணக்கில் விரலை மடக்கி நீட்டும் வேலை, அதைத் தனியாக உட்கார்ந்து செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

மாநகராட்சிப் பூங்காக்களில் திறந்தவெளி ஜிம் வைத்திருக்கிறார்கள். காலுக்கும் தோளுக்கும் இரும்பு மெஷின் உண்டு, விரலுக்கு ஒன்றும் இல்லை. பழைய கோயில் மண்டபங்களில் தரையிலேயே ஆடுபுலிக் கட்டம் செதுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி புதிதாகப் போடும் சிமென்ட் பெஞ்சில், ஈரம் காய்வதற்குள் நடுவில் 14 குழி அமுக்கி வைத்தால் எவ்வளவு செலவாகிவிடும்? பெஞ்சை மட்டும் சக்கர நாற்காலி பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரிப் போடுங்கள். தண்ணீர் தேங்காமல் இருக்க ஒவ்வொரு குழியிலும் சின்ன ஓட்டை வேண்டும், இல்லாவிட்டால் கொசு. புளியங்கொட்டையை நாங்களே வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.