லின்னேயஸ் சுறாவை எங்கே வைத்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

விலங்குகளை வகைப்படுத்திய வரலாறு பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வகுத்ததையே இன்றும் பின்பற்றுகிறோம் என்று கட்டுரையை முடித்திருப்பதை ஒரு விலங்கியல் ஆசிரியையாக என்னால் ஏற்க முடியவில்லை.

பேரினம், சிற்றினம் என்று ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொல்லில் வைக்கும் இருசொல் பெயரும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் முறையும் அவர் தந்தவை, சரி. எந்த விலங்கை எங்கே வைத்தார் என்பது வேறு கதை. 1735-இல் வந்த அவரது 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் முதல் பதிப்பில் திமிங்கிலம் மீன்களோடு இருந்தது. 1758-இன் பத்தாம் பதிப்பில்தான் பாலூட்டிகளுக்கு மாறியது. ஓங்கில் (டால்பின்) நுரையீரலால் மூச்சுவிடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது என்று அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அதே பத்தாம் பதிப்பில் சுறாவும் திருக்கையும் தவளை, பாம்புகளோடு ஒரே வகுப்பில் இருக்கின்றன! அவற்றுக்கும் நுரையீரல் உண்டென்று லின்னேயஸ் நம்பினார். காசிமேட்டில் மீன் விற்கும் எந்த அக்காவும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மண்புழு, நத்தை, கணவாய், ஜெல்லி மீன் எல்லாம் 'புழுக்கள்' என்ற ஒரே மூட்டையில் கிடந்தன. பிரெஞ்சு விலங்கியலாளர்கள் லமார்க்கும் குவியரும் வந்துதான் அதைப் பிரித்துப் போட்டார்கள். பொது மூதாதையர் வழி வந்த உறவுமுறைதான் வகைப்பாட்டுக்கு அடிப்படை என்பது 1859-இல் டார்வினின் நூல் வந்த பிறகே நிலைபெற்றது.

நண்டையும் இறாலையும் லின்னேயஸ் பூச்சிகளோடு சேர்த்தார். நம் தொல்காப்பிய மரபியலும் 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே' என்று சேர்த்தே சொல்கிறது. பெருமை பேச இதைச் சொல்லவில்லை. தொல்காப்பியர் பார்த்தது புலன்களை. பூச்சியினம் நண்டு, இறால் வகையறாவின் கிளையிலிருந்து வந்தது என்று இன்றைய மரபணு ஆய்வு சொல்வது முற்றிலும் வேறு வழி. இருந்தாலும் உயிர்களை ஓர் அளவுகோல் வைத்து வரிசைப்படுத்திய அந்த முயற்சிக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

இந்தக் கடற்கரையின் பங்கும் விடுபட்டுவிட்டது. எது விஷப் பாம்பு, எது இல்லை என்று பிரித்தறிவதற்காகவே கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்து 1796-இல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டே கண்ணாடி விரியனுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. முதலில் 'கொலுபர்' பேரினத்தில் இருந்த அந்தப் பாம்பு, பின்னர் 'வைபெரா'வுக்குப் போய், இப்போது 'டபோயா'வில் இருக்கிறது. அப்புறம் சென்னை மாகாணப் படை மருத்துவர் பிரான்சிஸ் டே. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த அவரது இந்திய மீன்கள் நூலில், பல மீன்களுக்கு நம் மீனவர்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும் பதிந்து வைத்தார்.

என் வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள். பாடநூல் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். அது எத்தனை முறை அடித்துத் திருத்தப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ரஸ்ஸல், டே பற்றியும், அவர்களுக்குப் பாம்பும் மீனும் பிடித்துக் கொடுத்த நம் ஊர்க்காரர்கள் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுவேன்.

விலங்கியல் ஆசிரியை,
இராயபுரம், சென்னை