கறையானுக்கு முந்தி அலுமாரி வரவேண்டும்: படைவரலாற்று நூல்களுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பான ஊரவர்களே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் எங்கள் உறவுகளே, வணக்கம்.

எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் நான்கு ட்ரங்குப் பெட்டிகளிலும் ஒரு மரப்பெட்டியிலுமாக 212 புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாமே படைகளைப் பற்றியவை. உரோமப் படைவீரனின் எறியீட்டி தொடங்கி இரண்டாம் உலகப் போரின் யுத்த தாங்கி வரை, எந்தக் காலத்துச் சிப்பாய் எதை உடுத்தான், எதைத் தூக்கினான், என்ன சாப்பிட்டான், சம்பளம் யார் கொடுத்தார்கள், சம்பளம் வராதபோது என்ன செய்தான் என்றெல்லாம் சொல்லுகிற புத்தகங்கள். பெரும்பாலானவை ஆங்கிலம், கொஞ்சம் தமிழ். இவற்றுக்கு மழை ஒழுகாத ஓர் அறையும் மூன்று அலுமாரிகளும் வேண்டும். அதற்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

புத்தகங்களைச் சேர்த்தவர் எங்களுக்கெல்லாம் வரலாறு படிப்பித்த மாஸ்ரர். யாரைச் சொல்கிறோம் என்று ஊரவர்களுக்குத் தெரியும். தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டதால் இங்கேயும் எழுதவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அவருடைய சைக்கிள் கரியரில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருந்தது. அரிசியையும் உடுப்பையும் மனைவி தலையில் சுமந்தார். பெட்டிக்குள் இருந்தவை புத்தகங்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் விட்டுப்போனவை ராக்கையில் வைத்தது வைத்தபடியே நின்றன. ஒன்றை எடுத்து மட்டையைத் திறந்தாராம். உள்ளே தாளே இல்லை. மட்டை கெட்டியாக இருந்தது, தாள் இருந்த இடமெல்லாம் கறையான் மண். அதை அவர் எங்களுக்குச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்து, அந்த மண் மடியில் கொட்டியதைக் காட்டுவார்.

அதற்குப் பிறகு முதலில் இருந்து தொடங்கினார். கொழும்புக்குப் போனால் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்குவார். வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் ஊருக்கு வரும்போது சொக்லேற் வேண்டாம், புத்தகம் கொண்டுவா என்பார். அவர் காலமானபின் மகள் எல்லாவற்றையும் வாசிகசாலைக்குத் தந்தார். பொறுப்பேற்ற எங்களிடம் பெட்டிகளை வைக்க அந்தப் பின்னறை மட்டுமே இருந்தது.

போன மாரியில் அந்த அறைக் கூரை ஒழுகியது. படங்கள் நிறைந்த புத்தகங்களின் தாள் வழுவழுப்பானது. நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஈரம் காயுமுன் தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் செருகி, மின்விசிறியின் கீழே விரித்து வைக்க வேண்டும். ஐந்து பேர் விடிய விடிய இருந்து அதைச் செய்தோம். அப்படியும் இரண்டு புத்தகங்கள் செங்கல்லாக இறுகிவிட்டன. அதில் ஒன்று நெப்போலியன் காலத்துக் குதிரைப்படைச் சீருடைகளைப் பற்றியது. மாஸ்ரர் அதன் ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் குறிப்புகளும் அதனுள்ளே போய்விட்டன. இது எங்கள் கையில் நடந்த இழப்பு. இன்னொரு மாரி வருமுன் அறையைச் சரிப்படுத்திவிட வேண்டும்.

சரி, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சண்டைப் புத்தகத்துக்கா காசு கேட்கிறீர்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பொதுக்கூட்டத்திலேயே அந்தக் கேள்வி வந்தது. போரில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா எழும்பி, “பட்டது காணாதே? இன்னும் சண்டைப் புத்தகமே வேணும்?” என்று கேட்டார். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. நாங்களும் உடனே பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சீருடையின் நிறம் என்பது வயிற்றைப் பிசையும் ஒரு நினைவு. அதை வாதத்தால் துடைக்க முடியாது.

பிறகு எங்கள் செயலாளர் பெட்டியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து அவர் பக்கத்தில் இருந்து காட்டினார். 1859ஆம் ஆண்டு ஜூன் 24, வட இத்தாலியில் சொல்பெரினோ என்ற இடத்தில் நடந்த சண்டை. ஆயிரக்கணக்கான காயக்காரர் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். தொழில் விடயமாக அந்தப் பக்கம் வந்திருந்த ஜெனீவாக்காரர் ஹென்றி டுனான், அருகிலிருந்த ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் தண்ணீரும் கட்டுத்துணியும் கொடுத்தார். அதில் இருந்துதான் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது, மறுவருடம் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை வந்தது. அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கட ரோட்டால வந்த அந்த வெள்ளை வாகனத்துச் செஞ்சிலுவையே?” என்று கேட்டார். ஓம் என்றோம். “அப்ப அந்தப் பக்கத்தைத் தமிழில எழுதித் தாங்கோ, வாசிச்சுப் பாப்பம்” என்றார். அந்த வார்த்தையால்தான் இந்தத் திட்டத்தில் தமிழ்க் குறிப்பேடு என்ற பகுதியே சேர்ந்தது. அதைக் கீழே சொல்கிறோம்.

எங்கள் பிள்ளைகளுக்குப் போர் தெரியாமல் இல்லை. வீட்டில் அரைகுறையாகக் கேட்ட கதை, திரைப்படம், கைபேசியில் சுடுகிற விளையாட்டு என்று மூன்று வழியாலும் வருகிறது. கைபேசியில் இறந்தவன் அரை நிமிடத்தில் எழும்பி விடுகிறான். கிரிமியப் போரில் இறந்த பிரித்தானியச் சிப்பாய்களில் பெரும்பாலானோரைக் கொன்றது குண்டல்ல, நோய் என்று அங்கே யார் சொல்லித் தருவார்கள்? படைவரலாற்றை ஒழுங்காக எழுதிய புத்தகம் வயிற்றோட்டத்தையும் சப்பாத்துப் பற்றாக்குறையையும் சேர்த்துத்தான் எழுதும்.

யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரத்தில் காற்று வாங்கவும் படம் எடுக்கவும் எத்தனையோ பேர் அதன் மதிலில் ஏறுகிறார்கள். அதற்கு ஏன் ஐந்து மூலை என்று கேட்டால் பதில் வராது. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேராவின் படை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனைச் சிறைபிடித்து இராச்சியத்தை முடித்துவைத்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நாற்கோணம். 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள், பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். மூலைகளில் அம்புமுனை போலத் துருத்தி நிற்கும் கொத்தளங்களில்தான் விடை இருக்கிறது. நேர்மதிலின் அடியில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றால் மேலே நிற்பவனுக்கு அவனைத் தெரியாது. கொத்தளம் வெளியே நீண்டு நிற்பதால், ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் இருந்து அடுத்த கொத்தளத்தின் முகம் முழுவதையும் மதிலடியையும் பீரங்கியால் வழித்தெடுக்கலாம். ஒளிந்து நிற்க ஓர் அடி இடமும் மிஞ்சாது. மாஸ்ரர் இதைக் கொப்பித் தாளில் பென்சிலால் கீறிக் காட்டுவார், அடிமட்டத்தை வைத்துக் குண்டு போகும் கோட்டினை இழுப்பார். அந்தக் கீறலைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் மதில் வேறு மாதிரித் தெரியும்.

அந்த முற்றுகைக்கு வந்தவர்கள் எப்படிச் சுட்டார்கள் என்பதற்கும் எங்களிடம் படம் இருக்கிறது. 1607இல் ஜேக்கப் டி கெய்ன் என்ற ஒல்லாந்த ஓவியர் வெளியிட்ட படைப்பயிற்சிப் படங்களின் மறுபதிப்பு. துப்பாக்கியும் நெடுவேலும் பிடிக்கும் விதத்தை அசைவு அசைவாகப் பிரித்து 117 படங்கள். ஒரு துப்பாக்கிக்காரன் மருந்து போட்டு, குண்டு போட்டு, எரியும் திரியை ஊதிக் கொளுவி, வெடி வைப்பதற்குள் எத்தனை தடவை கை மாற்றுகிறான் என்று தாளைப் புரட்டப் புரட்டத் தெரியும். நெஞ்சில் குறுக்கே ஒரு பட்டி, அதில் சின்னச் சின்ன மரக்குப்பிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து. ஏழாம் வகுப்புப் பெடியன் ஒருவன் குப்பிகளை விரலால் எண்ணிவிட்டு, “மழை வந்தா திரி நூந்து போகாதோ?” என்று கேட்டான். அவன் கேட்டது இராணுவ அறிஞர்கள் கேட்ட அதே கேள்வி. திரி நூராமல் இருக்கத் தொப்பிக்குள் மறைத்ததும், மழை நாளில் திரித்துப்பாக்கியை நம்ப முடியாமல் போனதும், பிறகு தீக்கல் துப்பாக்கி வந்து அந்தத் திரியை ஒழித்ததும் அந்தக் கேள்வியின் பின்னால் வரும் கதை. எங்கள் கார்த்திகை மழையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது தானாக வந்தது.

சீருடைப் புத்தகங்களைச் சிலர் படம் பார்க்கிற புத்தகம் என்று தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. பழைய படைகள் சிவப்பும் நீலமுமாக உடுத்தது மினுக்குக்கு மட்டுமல்ல. கறுப்பு வெடிமருந்தின் புகை வெளியை மூடிவிடும், அந்தப் புகைக்குள் தன்னவன் யார் மற்றவன் யார் என்று தெரிய வேண்டும். 1880களில் புகையில்லா மருந்து வந்தது, துப்பாக்கியும் தூரம் சுடத் தொடங்கியது. உடனே அந்தச் சிவப்பே குறிக்கு இலக்காகிவிட்டது. அப்படியிருந்தும் 1914இல் பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் காற்சட்டையோடுதான் களத்துக்குப் போனது. அதைக் கைவிடும்வரை எத்தனை தாய்மார் பிள்ளைகளை இழந்தார்கள். ஒரு துணியின் நிறத்தை மாற்ற மேலிடத்தில் இருந்தவர்கள் தயங்கியதற்கு அடியில் இருந்தவன் கொடுத்த விலை அது. காக்கி என்ற சொல்லே புழுதி, மண் என்ற பொருளில் பாரசீகத்தில் இருந்து வந்தது.

எங்கள் பழந்தமிழ்ப் பக்கமும் இந்த அலுமாரியில் இருக்கவேண்டும். புறத்திணைகளை ஏ.எல். பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். வெட்சி ஆநிரை கவர்தல், வஞ்சி படையெடுத்தல், உழிஞை மதில் வளைத்தல், நொச்சி மதில் காத்தல், தும்பை பொருதல், வாகை வெல்லுதல். அந்தந்தப் பூவைச் சூடிக்கொண்டு போனார்கள் என்றால், சீருடை இல்லாத காலத்தில் பூவே அடையாளம் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். காய்ச்சலுக்கு ஆவி பிடிக்கிற நொச்சியும், காணிகளில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிற தும்பையும் அவைதான் என்று சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும். மதிலின் மேல் மறைந்து நின்று அம்பெய்யும் உறுப்புக்கு ஞாயில் என்று பெயர். அகழி, எயில், தூணி, கேடயம் எல்லாம் எங்களிடம் இருந்த சொற்கள். துப்பாக்கி துருக்கியில் இருந்து வந்து சேர்ந்த சொல், பீரங்கி ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்ற பெயரோடு ஒட்டிய சொல். மாஸ்ரருக்கு மிகவும் பிடித்தது அலுமாரி. போர்த்துக்கேயர் விட்டுப்போன அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் பேழையைக் குறித்தது. அதனால்தான் படைப் புத்தகங்களுக்கு அலுமாரிதான் வேண்டும், ராக்கை போதாது என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

இனித் தமிழ்க் குறிப்பேடு. ஒவ்வொரு ஆங்கிலப் புத்தகத்துக்கும் எட்டு முதல் பன்னிரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு சிறு ஏடு எழுதி உள்மட்டையில் செருகி வைக்கப் போகிறோம். புத்தகம் என்ன சொல்கிறது, எந்தப் படத்தைப் பார்க்கவேண்டும், எந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நால்வர் கூலி வாங்காமல் எழுத ஒப்புக்கொண்டுள்ளார்கள். சொல்பெரினோ அத்தியாயம் முடிந்துவிட்டது, அந்த அம்மாவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டோம்.

செலவைச் சொல்கிறோம். கூரை ஓடு மாற்றி உட்கூரை அடிக்க 2,40,000 ரூபாய். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலுமாரி ஒன்று 65,000, மூன்றுக்கு 1,95,000. நிலத்துக்கும் சுவருக்கும் கறையான் மருந்து அடிக்க 35,000. உடைந்த 64 புத்தகங்களைத் திரும்பக் கட்ட, ஒன்றுக்கு 1,500 வீதம் 96,000. குறிப்பேடு அச்சிட 60,000. இல்லாத பகுதிகளுக்குப் புத்தகம் வாங்க 2,40,000. ஆசியப் படைகளைப் பற்றியும் சோழர் கடற்படையைப் பற்றியும் எங்களிடம் மிகக் குறைவு. எல்லாம் சேர்த்து 8,66,000 ரூபாய். ஊருக்குள்ளேயே 1,86,000 சேர்ந்துவிட்டது, அதில் ஒரு பகுதி ரியூசன் பிள்ளைகள் உண்டியலில் போட்ட சில்லறை. இன்னும் 6,80,000 வேண்டும்.

முதலில் கூரை, பிறகு மருந்து, அதன் பிறகே அலுமாரி. இந்த ஒழுங்கை மாற்றமாட்டோம். புத்தகம் வாங்குவது கடைசி. காசு குறைவாகச் சேர்ந்தால் புதுப் புத்தகம் தள்ளிப்போகும், இருப்பவை நனையாது.

புத்தகமாகத் தர விரும்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழங்காலம் முதல் இரண்டாம் உலகப் போர் வரையானவற்றையே இப்போது எடுக்கிறோம். ஆயுதம் செய்யும் முறை சொல்லும் எதையும், எந்தத் தரப்பின் பிரசாரத்தையும் ஏற்கமாட்டோம். இதில் குழு முழுவதும் ஒரே முடிவு. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்கள் முதலில் புத்தகத்தின் பெயரை எழுதி எங்களிடம் கேளுங்கள். படப் புத்தகம் ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் வரும், இருப்பதையே திரும்ப அனுப்பினால் உங்கள் காசு தபாலில் போய்விடும்.

1981இல் இந்த நகரத்தின் நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அந்த இரவை நேரில் பார்த்த இருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒரு புத்தகம் நனைந்தாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. மாரியில் விடிய விடியத் தாள் பிரித்த ஐவரில் அவர்களும் இருவர்.

எவ்வளவு சிறிய தொகையானாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு மாதம் ஒருமுறை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும், வெளிநாட்டு உறவுகளுக்குப் படமெடுத்து அனுப்பப்படும். சனி, ஞாயிறு பின்னேரம் 4 மணியில் இருந்து 6 மணி வரை நாங்கள் வாசிகசாலையில் இருப்போம். பெட்டிகளைத் திறந்து காட்டுகிறோம், வந்து பாருங்கள். புத்தகம் கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவாருங்கள், கூரை இன்னும் போடவில்லை.

அன்புடன்,
படைவரலாற்று நூல் அலுமாரித் திட்டக் குழு