வேகமான எஞ்சின் மட்டும் லாபம் தராது

ஐயா, வணக்கம்.

'ஓபன்டிடிடி' என்ற போக்குவரத்துக் கணினி விளையாட்டைப் பற்றித் தங்கள் இளைஞர் பகுதியில் வந்த கட்டுரை, பணம் சேர்ந்ததும் வேகமான எஞ்சின் வாங்கச் சொல்கிறது. எந்தச் சரக்கு, எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் செலவுதான் மிஞ்சும்.

சரக்கின் அளவு, தூரம், சரக்கின் விலை, வழியில் ஆன நாட்கள் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் கூலி. இதில் தூரம் என்பது தண்டவாளத்தின் நீளம் அல்ல. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே வரைபடத்தில் நீளவாக்கில் எத்தனை கட்டம், அகலவாக்கில் எத்தனை கட்டம் என்று எண்ணிக் கூட்டுவார்கள். மலையைச் சுற்றிப் பாதை போட்டால் கூலி ஒரு காசும் கூடாது, நாள்தான் வீணாகும்.

நாள் கணக்கை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். மண்டபத்து மீனும் வாலிநோக்கத்து உப்பும் ஒரே அவசரத்தில் லாரி ஏறுவதில்லை. விளையாட்டின் மிதவெப்ப ('டெம்பரேட்') வரைபடத்தில் 150 நாள் வழியில் கிடந்த நிலக்கரிக்கு முழுக்கூலியில் சுமார் 79 சதவீதம் கிடைக்கும். கச்சா எண்ணெய்க்கு 86, தொழிற்சாலைப் பொருட்களுக்கு 68, பயணிகளுக்கு 62தான். நிலக்கரிக்கு முதல் 17 நாள் பிடித்தமே கிடையாது. எண்ணெய்க்கு 62 நாள். பயணிகளுக்கோ ஆரம்பத்திலிருந்தே குறையும், 60 நாள் தாண்டினால் இரட்டிப்பு வேகத்தில் குறையும். ஆகவே எண்ணெயை மெதுவான கப்பலில் தாராளமாக அனுப்பலாம். நல்ல எஞ்சின்களைப் பயணிகளுக்கும் தொழிற்சாலைப் பொருட்களுக்கும் வையுங்கள்.

20, 30 கட்டத்துக்கு ரயில் விடுவது வீண். ஓடுகிற நேரத்தைவிட ஏற்றி இறக்கும் நேரமே அதிகமாகிவிடும். கடன் பணத்தில் தொடங்கும்போது 60, 70 கட்டம் போதும். கை தேறியதும் 100க்கு மேல் போகலாம்.

கட்டுரை தொடாமல் விட்டது நிலைய மதிப்பீடு. சுரங்கத்தில் எடுக்கும் நிலக்கரியில் எவ்வளவு உங்கள் நிலையத்துக்கு வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கடைசியாக ரயில் வந்து ஏற்றி ஏழரை நாளுக்குள் இருந்தால் மதிப்பீட்டில் 51 சதவீதம் சேரும், 52 நாள் தாண்டினால் அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. வேகத்துக்கு அதிகபட்சம் 17, புது வண்டிக்கு 13, ஊரில் சிலை வைத்தால் 10. எஞ்சினின் வேகம் எவ்வளவு சின்ன பங்கு என்று பாருங்கள். எப்போதும் ஒரு ரயில் 'ஃபுல் லோடு' (நிரம்பும்வரை நில்) உத்தரவோடு பிளாட்பாரத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்த உத்தரவைச் சுரங்கத்துப் பக்கம் மட்டும் கொடுக்க வேண்டும். நிலக்கரியை இறக்கும் மின் நிலையத்திலும் கொடுத்துவிட்டால், ஏற்ற ஒன்றுமே இல்லாத இடத்தில் ரயில் காத்துக் கிடக்கும், பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும்.

நம் கடற்கரையின் உயர வரைபடத்தை ஏற்றி விளையாடுகிறவர்கள் பாம்பனில் மாட்டிக்கொள்வார்கள். கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்க வேண்டிய தொல்லை இங்கே இல்லை, அடியிலேயே போய்விடும். சிக்கல் மேலேதான். பாலத்தின் மேல் சிக்னல் வைக்க முடியாது. எனவே ஒரு ரயில் இறங்கும்வரை அடுத்தது ஏற முடியாது. பாலம் நீளமாக நீளமாக இந்த நெரிசல் கூடும். இன்னும் ரயில் வாங்கிப் பயனில்லை. பக்கத்திலேயே இரண்டு மூன்று பாலம் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் சிக்னல் வைத்துப் பாதையைப் பிரிக்க வேண்டும். மரப்பாலம் மலிவு என்று போட்டால் அதன் வேக வரம்பு எவ்வளவு நல்ல எஞ்சினையும் கட்டிப்போடும்.

லாரியில் கொண்டுவந்து ரயிலில் மாற்றுவோருக்கு ஒரு எச்சரிக்கை. 'டிரான்ஸ்ஃபர்' (வேறு வண்டிக்காக இறக்கி வை) உத்தரவோடு காலியாகத் திரும்பும்படியும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இறக்கிய சரக்கையே லாரி திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். லாரிக்கு எதிரே தெரியும் வரவு வெறும் பங்குக் கணக்கு. கையில் பணம் வருவது கடைசி நிலையத்தில்தான். அந்தப் பங்கைக் கழித்துக் காட்டுவதால் சில சமயம் ரயில் நஷ்டத்தில் ஓடுவதுபோல் தெரியும். அதை நம்பி ரயிலை விற்றுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓபன்டிடிடி விளையாடுவோர் சிலர்,
கீழக்கரை.