திருகோணமலையில் பழைய டெக், வீடியோக் கமரா விற்கும் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு வணக்கம்.

விளக்கு எரிகிறது, கசெற் உள்ளே போகிறது; உடனே "நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிப் வீடியோக் கசெற் ஓட்டும் பழைய டெக்கைக் கொடுத்துவிடுகிறீர்கள். வாங்கியவர் அன்றிரவே அதில் போடுவது படக் கசெற் அல்ல. தாய் தகப்பனின் கலியாணம், சுனாமிக்கு முன் நிலாவெளியில் எடுத்த சாமத்தியச் சடங்கு, இப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் குரல். வேறு கொப்பி கிடையாது. அந்த ஒரே கசெற்தான் உங்கள் இயந்திரத்துக்கு முதல் சோதனை. நாடா உருளையில் சுற்றிக் கசங்கி, திருத்துநர்களான எங்கள் மேசைக்கு வந்தால் டெக்கைத் திருத்திக் கொடுக்கிறோம். மடிந்த நாடாவில் மடிப்பு விழுந்த இடத்துப் படம் போனது போனதுதான்.

சோதனையை உங்கள் கடையிலேயே, உங்கள் கசெற்றிலேயே முடித்துவிடுங்கள். நாங்கள் கேட்பது இதைத்தான். ஒரு டெக்குக்கு அரை மணி நேரம் போதும்.

மின்சாரம் கொடுக்கும் முன்பே பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். ஜப்பானிலிருந்து வந்த டெக்குகள் பல 100 வோல்ட்டுக்கு உரியவை. நம்முடைய 230 வோல்ட்டில் நேரே செருகினால் பவர் சப்ளை எரியும். ட்ரான்ஸ்போமர் சேர்த்துக் கொடுத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: அவை என்.ரி.எஸ்.சி. (NTSC) என்ற வீடியோ முறையில், 525 கோடுகளாலான படத்துக்குச் செய்யப்பட்டவை. இங்கே எடுத்த கசெற்றுகள் 625 கோட்டுப் "பால்" (PAL) முறை. இரண்டையும் ஓட்டும் வசதி இல்லாத டெக்கில் படம் நிலைகொள்ளாது, குரலின் வேகமும் பிழையாகும். அப்படிப்பட்ட டெக்கில் திருத்த ஒன்றுமில்லை, மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதே டெக்கில் ஐந்து நிமிடம் பதிந்து அதிலேயே போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று வரும். நாடாவை வழிநடத்தும் தூண்கள் உயரம் மாறியிருந்தால், பதியும்போதும் ஓட்டும்போதும் ஒரே பிழை நடக்கிறது. அதனால் பிழை தெரிவதில்லை. வேறு நல்ல டெக்கில் பதிந்த கசெற்றைப் போடுங்கள். படத்தின் மேலோ கீழோ மணல் தூவியது போல ஒரு பட்டை நின்று, படத்தைச் சீர்செய்யும் ட்ரக்கிங் பொத்தானை எவ்வளவு திருப்பியும் அகலாவிட்டால் அந்த டெக் பழைய கசெற் பார்க்க உதவாது. வாங்குபவருக்கோ வேண்டியது அது மட்டும்தான்.

பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு கடைசிவரை வேகமாக முன்னே சுற்றுங்கள், பிறகு தொடக்கம்வரை பின்னே. சுருள் பருத்துப் பாரமாகும்போதுதான் தேய்ந்த றப்பர் வழுக்கும். முதல் இரண்டு நிமிடத்தில் எதுவும் தெரியாது. கடைசியில் தானாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள். நாடாவின் நுனியில் கண்ணாடி போன்ற துண்டு இருக்கும். அதனூடாக ஒளி பாய்ந்தால்தான் இயந்திரம் நிற்கும். ஒளி உணரி கெட்டிருந்தால் நாடா சுருளிலிருந்தே பிடுங்கப்படும். பிறகு மூன்று தடவை வெளியே எடுத்துப் போட்டு, கசெற்றின் மூடியைத் தூக்கி நாடாவின் விளிம்பைப் பாருங்கள். நெளிவு கண்டால் நாடாவை அழுத்தி இழுக்கும் றப்பர் உருளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நல்ல உருளை மங்கலான கறுப்பாக இருக்கும். மினுமினுத்துக் கண்ணாடிபோல் இருந்தால் அது இறுகிவிட்டது. துடைத்தால் சில நாள் ஓடும், பிறகு நாடாவைத் தின்னும். துடைத்து விற்காதீர்கள், மாற்றி விற்றுவிடுங்கள்.

படம் முழுக்கப் புள்ளி மழையாக இருந்தால் பெரும்பாலும் நாடாவிலுள்ள படத்தை வாசிக்கும் ஹெட்டில் அழுக்கு. பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் நார் ஹெட்டில் மாட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த மான்தோல் துணியை ஒரு விரலால் ஹெட் பொருத்திய உலோக உருளையின் பக்கத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையை மேலிருந்து மெல்லச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. ஹெட்டின் நுனி ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான் வெளியே நிற்கிறது, ஒடிந்துவிடும். பழுப்புத் தூள் துணியில் வரும். பத்து நிமிடம் காயவிட்டுப் பாருங்கள். இரண்டு தடவை துடைத்தும் மழை நிற்காவிட்டால் ஹெட் தேய்ந்தது, அந்த டெக்கை உதிரிப்பாகத்துக்கு ஒதுக்குங்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் செய்வதை நிறுத்திய பிறகு புதிதாக யாரும் செய்வதில்லை. ஆகவே செத்த டெக்கையும் இரும்புக் கடைக்கு எடை போடாதீர்கள்.

பவர் சப்ளையைக் கடைப் பையன்களைத் திறக்கவிட வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கமராவுக்கு வருவோம். பழைய கசெற்றை ஓட்டினால் படம் நன்றாக இருக்கிறது, நேரே படம் எடுக்கும்போது மட்டும் ஊதா நிறம், நெளிந்த கோடுகள், அல்லது ஒரே கறுப்பு. இது லென்ஸ் அழுக்கல்ல, உள்ளேயிருந்து படம் பிடிக்கும் சி.சி.டி. சில்லு கெட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்தப் பழுது வருவதாக 2005 இல் சொனி உட்படப் பல நிறுவனங்கள் தாங்களே அறிவித்தன. நம் கடற்கரையில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் குறைவா? அதைத் திருத்துவது வீண் செலவு. ஆனால் கசெற் ஓட்ட மட்டும் அது போதுமானது. உண்மையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம். சின்ன டிஜிற்றல் கசெற் போடும் மினி டி.வி. (MiniDV) கமரா என்றால், படத்தைக் கணினிக்கு அனுப்பும் ஃபயர்வயர் துளையைக் கணினியில் இணைத்துப் பாருங்கள். இரண்டையும் நிறுத்திவிட்டு வயரைச் செருகுங்கள், ஓடும்போது செருகினால் துளை எரியலாம். யூ.எஸ்.பி. துளை வேலை செய்வதைக் காட்டி விற்பது சரியல்ல. பெரும்பாலான கமராக்களில் அதனால் நிழற்படமோ தரம் குறைந்த படமோதான் வரும். முழுத் தரத்தில் ஒரு மணி நேரக் கசெற் ஏறத்தாழ 13 ஜிகாபைற் பிடிக்கும்.

குளிரூட்டிய கடையிலிருந்து மழைக்காலத்தில் கமராவை வெளியே எடுத்தால் உள்ளே பனி படியும். சொனி கமராவில் C:21:00 என்று திரையில் வந்தால் பழுதல்ல, ஈரம். கசெற்றை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த கசெற்றை எந்த டெக்கிலும் போட விடாதீர்கள், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையை இந்தச் சாமான்களுக்கு மட்டுமாவது கழற்றுங்கள். பற்றுச்சீட்டில் நான்கு விடயங்கள் எழுதுங்கள்: மாதிரி இலக்கம், "பால்" முறையா என்.ரி.எஸ்.சி. முறையா, சோதித்த திகதி, தெரிந்த குறை. ஏழு நாளுக்குள் அந்தக் குறைக்கு அப்பால் ஏதும் வந்தால் அதே டெக்கைத் தட்டிக்கொட்டித் திருப்பிக் கொடுக்காமல் வேறொன்று கொடுங்கள், இல்லாவிட்டால் காசைக் கொடுங்கள். வாங்குபவரை ஏமாற்றுவதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கிறதே என்பதற்காக நாங்கள் இதைக் கேட்கவில்லை.

கசெற் சிக்கிய டெக்கோடு யாராவது வந்தால் இழுக்காதீர்கள், திரும்பத் திரும்ப எஜெக்ட் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பிளக்கைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, கசெற்றை ஏற்றி இறக்கும் சின்ன மோட்டரின் பற்சக்கரத்தை விரலால் திருப்பினால் கசெற் மெல்ல எழும்பும். தொங்கும் நாடாவை முதலில் சுருளில் சுற்றிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். கை பழகாதவராயின் மூடியைத் திறக்காமல் டெக்கை அப்படியே எங்களிடம் அனுப்புங்கள். சிக்கிய கசெற்றை எடுத்துக் கொடுக்க நாங்கள் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
வீடியோக் கருவி திருத்துநர்கள்,
திருகோணமலை.